கூண்டுக்கு ஒரு விமர்சனம்

சினிமா வந்தால் விமர்சனம் எழுதுகிறோம். நாவல் வந்தால் எழுதுகிறோம். தெருமுனையில் புதுசா ஓட்டல் திறந்தால் சட்னியைக்கூட விட்டுவைப்பதில்லை. ஆனால், ஒரு உயிர் பதினைந்து வருஷம் உள்ளேயே கிடக்கப்போகிற கூண்டைப் பற்றி யாரும் நாலு வரி விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. இந்த வாரம் அந்தக் குறையைத் தீர்த்துவிடலாம்.

எடுத்துக்கொண்ட படைப்பு: வீட்டில் பெரிய பல்லி வளர்ப்பவர்கள் வாங்கி வைக்கும் கண்ணாடிப் பெட்டி. மூன்று பக்கமும் ப்ளைவுட். முன்னால் தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவு. மேலே ஒரு பல்பு. தரையில் பச்சை பிளாஸ்டிக் புல். பின்சுவரில் அருவியும் காடும் அச்சடித்த வினைல் ஸ்டிக்கர். நடுவே கதாநாயகன், ஒரு பச்சை இகுவானா. ஹாலில் டி.வி-க்குப் பக்கத்தில் வைத்தால், வருகிற விருந்தாளி 'அட!' என்பார்.

அந்த 'அட' யாருக்காக என்பதுதான் கேள்வி.

பல்லி மேலே விழுந்தால் பஞ்சாங்கம் புரட்டுகிற ஊரில், பல்லியைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று நினைக்காதீர்கள். வாங்குகிறார்கள். நாய், பூனை, லவ் பேர்ட்ஸ் எல்லாம் பழசாகிவிட்டது. இகுவானாவின் சொந்த ஊர் மெக்ஸிகோவிலிருந்து தென்னமெரிக்கா வரை. மரத்தில் ஏறி இலை தின்று வாழ்கிற சைவப் பிராணி. வாங்கும்போது ஒரு சாண் நீளம், கிளிப்பச்சை நிறம், கையில் வைத்தால் பொம்மை மாதிரி இருக்கும். நன்றாகக் கவனித்தால் மூன்று நாலு வருஷத்தில் மூக்கிலிருந்து வால் நுனி வரை ஐந்தடி. அதில் பாதிக்கு மேல் வால். அந்த வாலைச் சுழற்றி ஒரு போடு போட்டால் கையில் கோடு விழும். பதினைந்து வருஷம் தாராளமாக வாழும்.

பெட்டியை வாங்குகிறவர் சாண் குட்டியைப் பார்த்து வாங்குகிறார். அங்கேயே முதல் சீன் சொதப்பல்.

*

அதற்கு முன்னால் சட்டத்தை முடித்துவிடுவோம். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது வயல் வரப்பில் உடும்பு பிடிக்கப் போய்விடுவார்கள்.

உடும்பை வீட்டில் வளர்க்கக் கூடாது. பிடிக்கவும் கூடாது, தின்னவும் கூடாது, தோலை வைத்திருக்கவும் கூடாது. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணைப் பிராணி, அதாவது புலி இருக்கிற அதே பட்டியல். குற்றம் நிரூபணமானால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை. கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 'சின்னக் குட்டிதான் சார், பாவம்னு எடுத்து வந்தேன்' என்பதெல்லாம் எடுபடாது.

நமக்கும் பெரிய பல்லிக்கும் உள்ள பழைய உறவே தோல் உறவுதான். கஞ்சிராவுக்குப் பலா மரச் சட்டம், உடும்புத் தோல். புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த அந்த வாத்தியத்தின் நாதமே அந்தத் தோலில்தான் இருந்தது. சட்டம் வந்த பிறகு ஆட்டுத்தோல், செயற்கைத்தோல் என்று மாற்று தேட வேண்டிவந்தது. காவிரிக் கரைக்காரர்களுக்கு உடும்பு காதுக்கு விருந்தாக இருந்த காலம் போய்விட்டது. அது உயிரோடு வரப்பில் ஓடட்டும், விட்டுவிடுவோம்.

இகுவானா கதை வேறு. அது இந்தியப் பிராணி இல்லை. ஆனால், சர்வதேச வர்த்தக ஒப்பந்தமான 'சைட்டீஸ்' பட்டியலின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த நம் சட்டம், இந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாச அவகாசம் கொடுத்தார்கள். வேறு கைக்கு மாறினாலும், குட்டி பொரித்தாலும், செத்தாலும் 'பரிவேஷ்' இணையதளத்தில் சொல்ல வேண்டும். காரைக்கால்காரர்கள் ஒன்றைக் கவனிக்கணும். நாகூருக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், உங்களுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளர் புதுச்சேரியில்தான், சென்னையில் இல்லை.

ஆக, கூண்டின் முதல் மூலப்பொருள் காகிதம். அது இல்லாமல் ப்ளைவுட் வாங்கப் போகாதீர்கள்.

*

இப்போது பெட்டிக்கு வருவோம். இந்தப் பெட்டி எங்கே பிறந்தது?

காரைக்காலில் இதற்கு எளிதாகப் பதில் கிடைக்கும். 1739-ல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் பாரிஸ் மாமாக்கள் போகவில்லை. தெருவுக்கு நாலு வீட்டிலாவது பிரான்ஸில் ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருப்பார். அங்கே ஃபிளாட்டில் ஓணான் வளர்க்கிற மச்சான், செல்போனில் படம் அனுப்புவார். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே மரப்பெட்டிக்குள் பல்பு வெளிச்சத்தில் பல்லி சுகமாகப் படுத்திருக்கிறது. படத்தைப் பார்த்ததும் இங்கே ஒரு தம்பி தச்சரைக் கூப்பிட்டு, 'அண்ணே, இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க' என்கிறார்.

மச்சானின் பெட்டி ஒரு பதில். அதன் கேள்வி: 'வெளியே ரெண்டு டிகிரி. உள்ளே முப்பது டிகிரியை எப்படிக் காப்பாத்துறது?' அந்தக் கேள்விக்கு ப்ளைவுட் சரியான விடை. மரம் சூட்டை வெளியே விடாது. கண்ணாடி, காற்றைத் தடுக்கும். பல்பு, சூரியன் வராத ஊரில் சூரியன் வேஷம் போடும். ஒவ்வொரு பொருளுக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது.

காரைக்காலில் அந்தக் கேள்வியே கிடையாது. தை மாசத்திலேயே பகல் உச்சம் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரை, வைகாசியில் 36, 37. மார்கழி ராத்திரியில்கூட இருபதுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றில் ஈரம் சொல்லவே வேண்டாம், உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் தெரியும். இகுவானா கேட்பது என்ன? நிழலில் 26, 27 டிகிரி. வெயில் காய ஒரு இடத்தில் 35 டிகிரி. நல்ல ஈரக் காற்று. கிட்டத்தட்ட நம்ம ஊர் வானிலை அறிக்கையையே படித்த மாதிரி இருக்கிறதா, இல்லையா?

ஆக, பாரிஸில் சூட்டைக் காக்கிற பெட்டி, காரைக்காலில் அக்னி நட்சத்திரத்தில் இட்லிக் குண்டான் ஆகிவிடுகிறது. பல்லிக்கு வேர்க்காது. சூடு அதிகமானால் நிழலுக்கு நகரும், குறைந்தால் வெயிலுக்கு வரும். அதன் உடம்புக்கு இருக்கிற ஒரே தெர்மோஸ்டாட் அதன் நாலு கால்தான். நாலடிப் பெட்டியில் இந்தக் கோடியிலும் 38, அந்தக் கோடியிலும் 38 என்றால் அது எங்கே நகரும்? வாயைப் பிளந்துகொண்டு கண்ணாடியில் முட்டும். பார்க்கிறவர், 'எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கு பாருங்க' என்பார்.

பொருளைக் காப்பியடிக்கும்போது கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துவந்துவிட்டோம். பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதினவர்களுக்கு இந்த ஆபத்து புரியும். அவனுக்கு வந்தது வேறு செட் கேள்வித்தாள்.

*

கூண்டை விமர்சிப்பதில் விமர்சகர்களே சறுக்கிய ஒரு பழைய கதை உண்டு. ஒரே இடம், லண்டன் மிருகக்காட்சி சாலை. ஏழே வருஷ இடைவெளியில் இரண்டு கட்டடங்கள்.

முதலாவது, 1927-ல் திறந்த ஊர்வன இல்லம். அதை வடிவமைத்ததில் முக்கியப் பங்கு ஜோன் பியூசாம்ப் புரோக்டர் என்ற பெண்ணுக்கு. சின்ன வயசில் முதலைக் குட்டியைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போன ஆசாமி. உடம்பு எப்போதும் சரியில்லாதவர். ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளராகி, பிராணி பிராணியாக யோசித்தார். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு பகுதியை மட்டும் சூடாக்க மின்சார வெப்பம் வைத்தார். சாதாரணக் கண்ணாடி, சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், அதை உள்ளே விடுகிற 'வைட்டா கிளாஸ்' என்ற விசேஷக் கண்ணாடியைப் போட்டார். அந்த வருஷமே கொமோடோ டிராகன் என்கிற உலகத்தின் மிகப் பெரிய பல்லிகள் இரண்டு வந்து சேர்ந்தன. அதில் 'சும்பாவா' என்ற ஒன்று, நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னால் நடந்துவந்தது. புரோக்டர் 1931-ல், 34 வயசிலேயே இறந்துபோனார்.

இரண்டாவது, 1934-ல் திறந்த பெங்குவின் குளம். பெர்த்தோல்ட் லுபெட்கின் என்ற நவீன கட்டடக் கலைஞர் கட்டியது. வெள்ளை கான்கிரீட்டில் ரெண்டு சுருள் பாதைகள் தூண் இல்லாமல் அந்தரத்தில் வளைந்து இறங்கும். போட்டோவில் இன்று பார்த்தாலும் பிரமிப்பாக இருக்கும். கட்டடக்கலை உலகமே கைதட்டியது. பாதுகாக்கப்பட வேண்டிய உச்ச வகுப்புக் கட்டடமாக அரசாங்கம் பட்டியலில் சேர்த்தது. குடியிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கான்கிரீட் தரையில் நடந்து பெங்குவின்களுக்குக் காலில் புண் வந்தது. 2004-ல் பராமரிப்புக்காக அவற்றை வேறு குளத்துக்கு மாற்றினார்கள், அதன்பிறகு திரும்பக் கொண்டுவரவே இல்லை. 2019-ல் லுபெட்கினின் மகளே, 'இனி இடித்துவிடலாமே' என்கிற அளவுக்குப் பேசினார். கட்டடம் அப்படியே நிற்கிறது, வெறுமையாக.

ரெண்டு பேருமே அந்தக் காலத்தின் புத்தம் புதுப் பொருளைத்தான் கையில் எடுத்தார்கள். ஒருவர் கண்ணாடி, இன்னொருவர் கான்கிரீட். புரோக்டர் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தது பல்லியின் எலும்புக்காக. லுபெட்கினின் கான்கிரீட், வேலிக்கு வெளியே நிற்கிறவர் கண்ணுக்காக. நம் ஹால் பெட்டி எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வினைல் அருவி ஸ்டிக்கரை இகுவானா ரசிக்கும் என்று நம்புகிறவர்கள் கைதூக்குங்கள்.

*

இனி நடிகர்கள் ஒவ்வொருவராக.

கண்ணாடி: பார்க்க அழகன். ஆனால் வில்லன் வேலையைச் சத்தமில்லாமல் செய்வான். 290-லிருந்து 320 நானோமீட்டர் வரையிலான 'யு.வி.பி' கதிர் தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். அது இருந்தால்தான் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுசாக நிறுத்திவிடும். பாலிகார்பனேட் ஷீட்டும் அப்படித்தான். 'கண்ணாடி வழியா வெயில் நல்லா அடிக்குதே' என்பார்கள். அடிப்பது சூடு மட்டும்தான். ஆறு மாசத்தில் தாடை ரப்பர் மாதிரி ஆகும், கால் வளையும், முதுகு கோணும். இகுவானா சாகிற கதைகளில் அடிக்கடி வருகிற கிளைமாக்ஸ் இதுதான். இன்னொன்று, கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து ஆண் இகுவானா எதிரி என்று நினைத்து முட்டும். மூக்கு தேய்ந்து புண்ணாகும்.

ப்ளைவுட்: ஐப்பசி மழை வரை நல்லவன். அப்புறம் ஊதுவான், உரிவான், பூஞ்சை பிடிப்பான். வாங்கியே தீருவேன் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் ப்ளை வாங்குங்கள். சாதா கமர்ஷியல் ப்ளை, கடற்கரை ஊரில் கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணுகிற மாதிரி. விளிம்பு தெரியாமல் அடைத்து, வார்னிஷ் வாடை முழுசாகப் போன பிறகுதான் பிராணியை உள்ளே விடணும். பல்லி நாக்கால் உலகத்தைப் படிக்கிற ஜீவன். சுவர், தரை, கம்பி எல்லாவற்றையும் நக்கிப் பார்க்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-முக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. பரணில் கிடக்கிற பழைய டப்பாவுக்கு அந்த விதி தெரியாது.

கம்பி வலை: நம்ம ஊருக்கு இவன்தான் ஹீரோவாக வேண்டியவன். காற்று வரும், வெயில் வரும், யு.வி. வரும். ஆனால் ரொம்பச் சன்னமான கொசுவலை போட்டால் யு.வி-யில் கணிசமான பங்கை அதுவே தின்றுவிடும். ரொம்பப் பெரிய கண் வைத்தால் குட்டி தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். அரை அங்குலச் சதுரம், வெல்டு பண்ணின வலை சௌகரியம். முடைந்த கோழி வலை வேண்டாம். நகம் சிக்கும், இழுத்தால் விரலோடு வரும்.

கடற்காற்றில் எந்தக் கம்பி? இங்கேதான் நான் படித்த பி.காம். உதவுகிறது. கடையில் முதலில் காட்டுவது ஜி.ஐ. வலை, இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் உப்புக்காற்று அந்தப் பூச்சை வேகமாகத் தின்றுவிடும். அடுத்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலும் 304 என்ற ரகம் கடற்கரையில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். 316 ரகத்தில் இரண்டு மூன்று சதவிகிதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். விலையைக் கேட்டதும் தலை சுற்றும்.

தலை சுற்றட்டும், கணக்கு சுற்றக் கூடாது. கடை விலை அல்ல, புரிவதற்காகச் சொல்கிறேன். ஜி.ஐ. வலை 100 ரூபாய், மாட்டுகிற கூலி 50. நாலு வருஷத்தில் போய்விடும் என்று வையுங்கள். இகுவானா பதினாறு வருஷம் இருந்தால் நாலு தடவை, மொத்தம் 600. 316 வலை மூன்று மடங்கு, 300. கூலி 50. ஒரே தடவை, 350. இதில் ஒவ்வொரு தடவை வலை மாற்றும்போதும் ஐந்தடிப் பல்லியைச் சாக்கில் போட்டுக் குளியலறையில் அடைக்கிற செலவைச் சேர்க்கவே இல்லை. வாங்குகிற விலையை மட்டும் பார்ப்பது முதல் வருஷ மாணவன் கணக்கு. தேய்மானம் போட்டுப் பார்ப்பதுதான் கணக்கு.

சட்டம்: பவுடர் கோட்டிங் பண்ணின அலுமினியம் நல்லது. பட்ஜெட் இல்லாவிட்டால் செங்கல் தூண். சவுக்குக் கழியை நேராக மண்ணில் நட்டால் கறையான் விருந்து சாப்பிடும். சிமென்ட் பீடத்தில் நிறுத்தினால் தாங்கும்.

தரை: பச்சை பிளாஸ்டிக் புல்லை முதலில் வெளியே எறியுங்கள். நூல் பிரிந்து விரலில் சுற்றும், வாயில் போனால் குடலில் அடைக்கும். சொரசொர சிமென்ட் வயிற்றுத் தோலைத் தேய்க்கும். செங்கல் பரப்பி மேலே தட்டோடு போட்டால் கழுவலாம், காயும். வெயில் காய ஒரு பலகை கடப்பா கல். காலைச் சூட்டை வாங்கிச் சாயந்திரம் வரை திருப்பித் தரும். எந்த இறக்குமதி 'ஹீட் ராக்'கும் வேண்டாம். அதில் படுத்து வயிறு வெந்த பல்லிகள் உண்டு.

பெண் இகுவானாவாக இருந்தால் கட்டாயம் இன்னொரு பொருள் வேண்டும், மண். ஆண் துணையே இல்லாவிட்டாலும் அது முட்டை வைக்கும். ஒரு ஈட்டில் இருபதிலிருந்து எழுபது வரைகூடப் போகும். தோண்ட ஈர மணல் ஆழமாக இல்லாவிட்டால், முட்டையை வயிற்றிலேயே அடக்கிக்கொண்டு செத்துப்போகும். அரசலாற்று மணலும் களிமண்ணும் கலந்த ஒரு ஆழத் தொட்டி போதும். கண்ணாடிப் பெட்டியில் இதற்கு இடமே யோசிக்கவில்லை. படம் எடுத்தவருக்குப் பிரசவ சீன் தெரியாது.

கூரையும் உள் அலங்காரமும்: பாதிக் கூரை வலை, பாதி நிழல். நிழலுக்குக் கீற்று பிரமாதம், வருஷா வருஷம் மாற்றணும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டாம், கீழே கொதிக்கும். மரத்தில் வாழ்கிற பிராணிக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம், ஆறடியாவது. உள்ளே, அதன் உடம்பைவிடப் பருமனான வேப்பங்கிளை, புளியங்கிளை. ஒரு செம்பருத்திச் செடி, பக்கத்தில் முருங்கை, ரெண்டும் சாப்பாட்டுக்கு. அரளியை மட்டும் வேலியோரம்கூட வைக்காதீர்கள், விஷம்.

பட்டியலைத் திரும்பப் பாருங்கள். செங்கல், ஓடு, கடப்பா கல், கீற்று, வேப்பங்கிளை, மண். வாங்கிவர வேண்டியது நல்ல கம்பி ஒன்றுதான். பாட்டி வீட்டுக் கொல்லையைத்தான் நான் வர்ணித்திருக்கிறேன் என்று தோன்றினால், அதுதான் விஷயம். நம்ம வெயிலுக்கும் மழைக்கும் நம்ம கொல்லைதான் பதில் எழுதிவைத்திருக்கிறது.

*

'அப்போ பிரச்னை தீர்ந்தது, நானும் ஒண்ணு வாங்கிக் கொல்லைல விட்டுடறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். கதையின் நிஜமான திருப்பமே இனிமேல்தான்.

காரைக்கால் இகுவானாவுக்கு இவ்வளவு ஒத்துப்போகிறது என்றால், தப்பித்தாலும் ஒத்துப்போகும். பாரிஸில் தப்பித்தது குளிரில் செத்துவிடும். இங்கே தப்பித்தது குடும்பம் நடத்தும்.

ஃபுளோரிடாவில் அதுதான் நடந்தது. செல்லப்பிராணியாக வந்தவை கால்வாய்க் கரை எங்கும் பெருகிவிட்டன. 2020 ஜனவரியில் மியாமி வானிலை அலுவலகம், 'குளிரில் விறைத்து மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம்' என்று அதிகாரபூர்வமாகவே அறிவித்தது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். 2021-ல் அந்த மாநிலம் அவற்றைத் தடை செய்யப்பட்ட பட்டியலில் சேர்த்தபோது யாரும் சிரிக்கவில்லை. முட்டைக்காக அவை தோண்டும் வளைகள் கால்வாய்க் கரைகளையும் தடுப்புச் சுவர்களையும் உள்ளிருந்து அரித்துவிடுகின்றன. சிங்கப்பூரிலும் தைவானிலும் விட்டுவிட்டுப் போனவை காட்டுப் பிராணி ஆகிவிட்டன.

இதைக் காவிரிக் கடைமடையில் வைத்து யோசியுங்கள். அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு. எல்லாம் மண் கரை. எலி வளை, நண்டு வளையிலேயே கரை உடைந்து வயலில் தண்ணீர் புகுந்து தலையில் கைவைக்கிற விவசாயிக்கு, மெக்ஸிகோவிலிருந்து ஒரு புது விருந்தாளி வேண்டுமா? கீரைப் பாத்தியும் பூந்தோட்டமும் மிஞ்சுமா?

புயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1995 செப்டம்பரில் கரீபியன் கடலில் இரண்டு சூறாவளிகள் வீசின. அடுத்த மாசம், அங்குவில்லா என்ற தீவின் கரையில் வேரோடு பிடுங்கப்பட்ட மரங்கள் பாய் மாதிரி மிதந்து ஒதுங்கின. அதன்மேல் பதினைந்துக்குக் குறையாத பச்சை இகுவானாக்கள். அதற்கு முன் அந்தத் தீவில் அந்த இனமே கிடையாது. டிக்கெட் இல்லாமல் கடல் கடந்து வந்து இறங்கிவிட்டன. இவ்வளவு சமர்த்தான பிராணிக்கு நம் கொல்லைக் கூண்டு எம்மாத்திரம்? 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த கஜா புயல் என்னென்ன கூரையைத் தூக்கிப்போனது என்று நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தென்னையையே முறித்த காற்று, நாலு ஆணி அடித்த கூண்டை விடுமா?

ஆகவே, இங்கே கூண்டு இரண்டு பேருக்குக் காவல் காக்க வேண்டும். பல்லியை ஊரிலிருந்தும், ஊரைப் பல்லியிடமிருந்தும். அஸ்திவாரம் இரண்டடி ஆழம், அதில் போல்ட் வைத்து இறுக்கின சட்டம். தரைக்கு அடியிலும் வலை. ஒன்று திறந்தால் இன்னொன்று மூடியிருக்கிற இரட்டைக் கதவு. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், பிராணியை வீட்டுக்குள் மாற்ற ஒரு மூடி போட்ட பெட்டி தயாராக இருக்கணும். அன்றைக்கு ஒரு ராத்திரிக்கு அந்த ப்ளைவுட் பெட்டி உதவும்.

இவ்வளவும் செய்ய இடமும் பணமும் பதினாறு வருஷப் பொறுமையும் இருக்கிறவர்கள், காகிதத்தோடு ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள், இந்த வாரமே பெட்டியைக் கழற்றிக் கொல்லைக்கு வாருங்கள். கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா கிருமி சகஜம். பையனுக்கு எட்டாங்கிளாஸ் படிக்கும்போது வாங்கித் தருகிறவர்கள் ஒரு சின்னக் கூட்டல் போடுங்கள். அவன் காலேஜ் முடித்து வேலைக்குப் போய் கல்யாணம் ஆகி, குழந்தைக்குக் காது குத்தும்போதும் அது கொல்லையில் இருக்கும். இலை பறித்துப் போடுவது நீங்கள்தான்.

இன்னும் வாங்காதவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி இருக்கிறது. ரோமுலஸ் விட்டேகர் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை. நமக்கு இருக்கிற அதே உப்புக் காற்றில், அதே வெயிலில், மண்ணும் மரமும் தண்ணீருமாக ஊர்வனவற்றை வைத்திருக்கிறார்கள். ஒருநாள் குழந்தைகளோடு போய் வாருங்கள். பிராணியைப் பார்த்து முடித்ததும், அது எதன்மேல் படுத்திருக்கிறது, நிழல் எங்கே, வேலி எதனால் ஆனது என்றும் ஒரு சுற்று பாருங்கள். அந்த இரண்டாவது சுற்று பெரும்பாலானவர்களுக்கு வாங்கும் ஆசையைத் தீர்த்துவிடும். டிக்கெட் காசோடு செலவு முடிந்தது.

விமர்சனம் என்றால் கடைசியில் மார்க் போட வேண்டுமே. ஹால் கண்ணாடிப் பெட்டிக்கு நூற்றுக்கு 22. அதில் அழகுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தள்ளு கதவில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், 22-ம் அதற்குத்தான்.